நோய்க்கு அபராதம் போடும் வருகைப் பதிவேடு

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே 14 வருடமாக டேமேஜ் பார்க்கிற வேலையில் இருக்கிறார் ஓர் அம்மா. வயது 47. தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் தப்பாமல் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். கண்தான் அவருடைய தொழில். 9 வருடமாகச் சர்க்கரை.

மாதம் ஒரு தடவை, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் டிஸ்பென்சரிக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். டோக்கன் போட்டு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து ஜன்னலில் நின்று வெளியே வரும்போது மதியம் தாண்டிவிடும். அன்றைய ஷிப்ட் கூலி 440 ரூபாய் போச்சு. அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. மாதம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவர்களுக்குத் தருகிற அட்டெண்டன்ஸ் போனஸ் 1,000 ரூபாயும் சேர்ந்தே போச்சு. அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "மாத்திர சும்மாதானுங்க குடுக்கறாங்க. அத வாங்கப் போறதுக்குத்தான் ஆயிரத்தி நானூத்தி நாப்பது ரூவா ஆவுது."

இரண்டு வருடமாக அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு மாத போனஸாவது மிஞ்சியது. இப்போது இடது கண் மங்கல். விழித்திரையில் ரத்தக் குழாய் கசிகிறது, லேசர் வைக்க வேண்டும் என்கிறார் கண் டாக்டர். போன மாதம் அவர் பார்த்து அனுப்பிய பெட்டியில் ஓட்டைப் பனியன்கள் கிடந்ததாகச் சொல்லி, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவரை ஏசியிருக்கிறார்.

அந்த ஏச்சு விழ வேண்டிய இடம் வேறு. மாத்திரை வாங்கப் போன நாளுக்கு ஒன்றரை ஆயிரம் ரூபாய் தண்டம் வைத்தவர்கள் யாரோ, அதைச் சட்டப்படி சரிதான் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரோ, அவர்கள் மேல் விழ வேண்டும். அவர்களைத்தான் இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது.

முதலில் முதலாளிமார். ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் அந்த ஒரு நாள் கூலிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியது. புதிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதை விடவில்லை. அந்த விதியை எப்படித் தாண்டினார்கள் என்று பாருங்கள். கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியைப் பிரித்து, அதற்கு 'போனஸ்' என்று பெயர் வைத்து, ஒரு நாள் வராவிட்டால் மொத்தமும் இல்லை என்று நிபந்தனை போட்டார்கள். பிடித்தால்தானே குற்றம், இது கொடுக்காமல் விடுவது என்று வாதம் வேறு. மேலே சொன்ன கணக்கில், ஒரு நாள் வராததற்கு மூன்று நாள் கூலிக்கு மேல் போகிறது. பெயர் எதுவானாலும் இது அபராதம்தான். இதைப் போனஸ் என்று சொல்வதை நாம் ஏற்க மாட்டோம்.

இந்த அபராதம் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதுமில்லை. உடம்பு நன்றாக இருக்கிற 25 வயதுப் பையனுக்கு அந்த 1,000 ரூபாய் எட்டிப் பறிக்கிற தூரத்தில் இருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, காக்காய் வலிப்பு, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு என்று ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறவருக்கு அது எந்த மாதமும் கிடைக்காது. கிடைக்க வேண்டுமானால் சிகிச்சையை விட வேண்டும். அந்தப் பணம் யாருக்கு மிக அவசியமோ, அவர்களிடமிருந்து மட்டும் தவறாமல் பறிக்கிற ஏற்பாடு இது.

ஆர்டர், ஷிப்மென்ட் தேதி என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதை நாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. தையல் பிரிவான பவர்டேபிளில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற ஒருவர் வராவிட்டால் பின்னால் பேட்லாக் தையல், கைமடி என்கிற உதவி வேலை, செக்கிங் எல்லாம் தேங்கி நிற்கும். உண்மைதான். ஆனால் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிற தேதி ஒரு மாதத்துக்கு முன்பே சீட்டில் எழுதியிருக்கிறது. அந்த நாளுக்கு மாற்று ஆள் போட ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. அந்த ஒரு நாளைத் தர மனமில்லாமல், காலில் புண் வந்தோ பக்கவாதம் வந்தோ அதே ஆள் ஆறு மாதம் படுத்துக்கொள்ளும் நாளை வரவழைத்துக்கொள்கிறார்கள். அதற்கு எந்தச் சீட்டும் முன்கூட்டித் தேதி தராது. 14 வருடம் பழகிய கண்ணை இழந்துவிட்டு, போன வாரம் சேர்ந்த பெண்ணை அதே விளக்கடியில் உட்கார வைப்பதில் எவ்வளவு நஷ்டம் என்று அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை ஒரு தடவையாவது எழுதிப் பார்த்ததுண்டா? ஓட்டைப் பனியன்கள் கிடந்த அந்தப் பெட்டியின் விலை எத்தனை மாத அட்டெண்டன்ஸ் போனஸுக்குச் சமம்?

வராத நாளைத்தான் பதிவேடு எண்ணுகிறது. வந்தும் வேலை ஓடாத நாளை எண்ண அதில் கட்டமில்லை. தலைசுற்றலோடு மெஷினில் உட்கார்ந்திருப்பவர், சர்க்கரை இறங்கிக் கை நடுங்க அயர்ன் பெட்டியைப் பிடித்திருப்பவர், பாத்ரூமுக்குப் போனால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண், இவர்கள் எல்லாருக்கும் பதிவேட்டில் முழு வருகை. சர்க்கரை உள்ளவருக்கு அடிக்கடி சிறுநீர் வரும். வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். இன்சுலினைச் சூட்டில் வைக்கக் கூடாது. ஒரு சின்னக் குளிர்பெட்டியும், கேள்வி கேட்காமல் எழுந்து போக விடுகிற ஒரு சூப்பர்வைசரும் போதும். இதற்கு எந்தக் கம்பெனியும் கடன் வாங்க வேண்டியதில்லை.

நூற்பாலைகளின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசியை வருடக் கணக்கில் இழுத்தவர்களுக்கு வரும் நுரையீரல் நோய், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சை அதிகம் அடைக்கும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலேயே தொழிலால் வரும் நோய் என்று எழுதப்பட்டது அது. ஆலைதான் கொடுத்தது. அந்த ஆளே திங்கட்கிழமை வரவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிவிட்டு மட்டம் போட்டான் என்று மேஸ்திரி பேசுகிறார். நோயையும் கொடுத்து, பழியையும் போட்டு, கூலியையும் வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்து ஈ.எஸ்.ஐ. கழகம். 1948இல் சட்டமாகி, 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூருக்கு வந்த திட்டம். தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அதைப்போல் கை கொடுத்த ஏற்பாடு வேறொன்றில்லை. அதில் நமக்குச் சந்தேகமில்லை. தொழிலாளி சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 600 ரூபாய் கட்டப்படுகிறது. மருத்துவம் குடும்பத்துக்கும் சேர்த்து. நோயில் படுத்தால் நோய்ப் படியாகக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற 34 நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. இவ்வளவும் எழுதியவர்களின் மனம் நல்ல மனம்.

ஆனால் அவர்கள் மனதில் இருந்த நோய், ஆளைப் படுக்கையில் தள்ளிப் பத்து நாள் கழித்து எழுப்பி அனுப்புகிற நோய். இன்றைக்கு நம் தொழிலாளிக்கு வந்திருப்பது அப்படிப்பட்டதல்ல. அது மாதத்தில் ஒரு நாள், மறு மாதம் ஒன்றரை நாள் என்று கொறித்துக்கொண்டே இருக்கும். நோய்ப் படி விதி என்ன சொல்கிறது? விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குப் படி கிடையாது. முன்பு படி வாங்கிய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் மட்டும் விலக்கு. மாதம் ஒரு நாள் மருந்துக்குப் போகிறவர் இந்த விதிப்படி ஆயுள் முழுக்கப் பங்களிப்புக் கட்டினாலும் அந்த நாளுக்கு ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. 34 நோய்ப் பட்டியலில் சர்க்கரை இருக்கிறதா என்றால், இருக்கிறது. எப்போது? விழித்திரை கெட்ட பிறகு, கால் புண்ணாகிப்போன பிறகு, சிறுநீரகம் பழுதான பிறகு. கண் போனால் 80 சதவீதம் தருவோம், கண்ணைக் காப்பாற்ற ஒரு நாள் வந்தால் ஒன்றும் தர மாட்டோம் என்கிற விதியை ஈ.எஸ்.ஐ. கழகம் எந்த முகத்தோடு வைத்திருக்கிறது?

டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒரு நாள் கூலிக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரம் 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் மெஷினில். போக வர, தளர்ச்சி தீர என்று அந்த நாள் முழுக்கப் போய்விடும். மாதம் 13 நாள். 26 வேலை நாளில் மிஞ்சுவது 13. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78. நோய்ப் படிக்குத் தகுதி பெற அந்த ஆறு மாதத்தில் காட்ட வேண்டிய நாள் எத்தனை தெரியுமா? அதே 78. நடுவில் ஒரு நாள் காய்ச்சல் வந்தால் 77 ஆகிவிடும். மிக நோயுற்றவர் நோய்ப் படிக்குத் தகுதி இழப்பார். 80 சதவீதம் தருகிற அந்த இரண்டு வருடம் தீர்ந்தபின் வேலைக்குத் திரும்புகிறவருக்குக் காத்திருப்பது இந்தக் கணக்குதான்.

சம்பள வரம்பு இன்னொரு கொடுமை. 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய்தான் கோடு. விலைவாசியோடு சம்பளமும் நாலு காசு ஏறி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் வெளியே. சம்பள உயர்வு வேண்டாம் என்று ஒரு நோயாளித் தொழிலாளி கம்பெனியில் கெஞ்சுகிற நிலையை நம் சட்டம் உண்டாக்கியிருக்கிறது.

தொழிற்சாலைச் சட்டமும் தப்பவில்லை. 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அதற்கு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. லே-ஆஃப் நாளும் பிரசவ விடுப்பும் அந்த 240இல் சேர்ந்தன. நோயால் வராத நாள் சேரவில்லை. புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 240ஐ 180 ஆக்கியது நல்ல காரியம்தான். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமோ, தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று வரையறை எழுதியது. ஆட்குறைப்பு இல்லை என்றால் ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. நஷ்டத்தால் நீக்கப்பட்டவருக்குக் கிடைத்த பணம், நோயால் நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. இந்த மனப்போக்கில் வளர்ந்ததுதான் நம் தொழிலுலகம்.

மாநில அரசையும் விடுவதற்கில்லை. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் வீட்டுத் திண்ணைக்கே கொண்டு போனது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. பெருமைப்படுகிறோம். ஆனால் மாத்திரைப் பையோடு சுகாதாரத் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது தொழிலாளி கம்பெனியில் இருக்கிறார். இதை உணர்ந்துதான் 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று ஆலைக்குள்ளேயே பரிசோதனையைத் தொடங்கினார்கள். ஆலை வாசலில் உட்கார்ந்து, உனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாதாமாதம் டாக்டரைப் பார் என்று சொல்லிவிட்டுப் போகிற அதே அரசு, டாக்டரைப் பார்க்கப் போன நாளுக்கு அந்த ஆலை போடுகிற அபராதத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது என்ன நியாயம்? சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் ஒரே கோட்டையில்தான் இருக்கின்றன. ஒரு துறை கண்டுபிடித்துச் சொன்ன நோயாளியை இன்னொரு துறை கைவிடக் கூடாது.

செலவைப் பற்றிப் பேசினால்தான் கேட்பார்கள் என்றால் அதையும் பேசுவோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் என்று கணக்கிட்டது. நோயின் எல்லையைத் தொட்டு நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். தொற்றா நோய்களாலும் மனநோய்களாலும் 2012 முதல் 2030 வரை இந்தியா இழக்கக்கூடியது 4.58 லட்சம் கோடி டாலர் என்று உலகப் பொருளாதார மன்றமும் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியும் 2014இல் மதிப்பிட்டன. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் மட்டும் உலகம் வருடத்துக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த நோய்களுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் லீவு கேட்கிற துணிச்சல் நம் ஊரில் எத்தனை பேருக்கு உண்டு? வயிற்று வலி என்று பொய் சொல்லித்தான் போகிறார்கள்.

இத்தனை கோடியும் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. மாத்திரை விட்ட மாதங்களின் கூட்டுத்தொகை. அதில் பெரும்பங்கைக் கட்டுவது கம்பெனியோ கழகமோ அல்ல. கந்து வட்டிக்குக் கடன் வாங்குகிற வீடு கட்டுகிறது. பத்தாம் வகுப்போடு நிறுத்தி அதே கம்பெனிக்குக் கைமடியாக அனுப்பப்படுகிற பெண் பிள்ளை கட்டுகிறாள்.

நம் பனியன் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஜெர்மனியில் அதைக் கடையில் மடித்து வைக்கிற ஊழியர் நோயில் விழுந்தால், ஆறு வாரம் முழுச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதே பனியனை இங்கே விளக்கடியில் பார்த்து அனுப்பியவருக்கு மருந்து வாங்கப் போன ஒரு நாளுக்குக்கூட இல்லை. தரம், நெறிமுறை என்று வருடா வருடம் ஆடிட் நடத்துகிற வெளிநாட்டு நிறுவனங்கள் தீயணைப்புக் கருவியையும் அவசர வழியையும் பார்க்கின்றன. சம்பளச் சீட்டில் போனஸ் வெட்டப்பட்ட நாளையும், அன்று அந்தத் தொழிலாளி எங்கே போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

இதை எழுதுகிற நமக்கும் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு காலை ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, பதினோரு மணிக்கு அலுவலகம் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சம்பளத்தில் ஒரு பைசா குறைவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இயல்பாகக் கிடைப்பது ஷிப்ட் கூலிக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

மருத்துவச் சீட்டோடு போன நாளுக்கு அட்டெண்டன்ஸ் போனஸை வெட்டுவதைக் கம்பெனிகள் இந்த மாதமே நிறுத்த வேண்டும். தாமாக நிறுத்தாவிட்டால் அதைச் சட்டவிரோதப் பிடித்தம் என்று அறிவித்துத் தொழிலாளர் துறை வழக்குப் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ. கழகம் நாள்பட்ட நோயாளிக்கு முதல் இரண்டு நாள் விதியைத் தளர்த்தி, மாதச் சிகிச்சை நாளுக்குப் படி தர வேண்டும். டயாலிசிஸ் நாளை 78இல் சேர்க்க வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டிஸ்பென்சரிகள் திறந்திருக்க வேண்டும். ஒரு நோயை ஏற்கெனவே சுமப்பவர் சம்பள வரம்பைத் தாண்டினாலும் காப்பிலிருந்து தள்ளக் கூடாது. கான்ட்ராக்ட் ஆள், பீஸ் ரேட் ஆள் என்று சொல்லி இதில் எவரையும் விடக் கூடாது. தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: சம்பள ஒப்பந்தப் பேச்சில் எத்தனை சதவீதம் என்று இரவெல்லாம் வாதாடுகிறீர்கள்; சிகிச்சை நாள் என்ற ஒரு வரியையும் அந்த ஒப்பந்தத்தில் எழுதாமல் இனிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு லேசர் வைக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். மூன்று தடவை போக வேண்டுமாம். மூன்றும் வேலை நாள்.